ரங்கப்பிள்ளை கப்பலுக்குக் காத்திருந்த கரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்தின் கீழே கூடுவோம். நாலு வருடமாக இந்த நடையை நான்தான் அழைத்துப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் கடலைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "பிரெஞ்சுக்காரங்க துறைமுகம் எங்கங்க இருந்துச்சு?"

இந்த இடத்தில் துறைமுகமே இருந்ததில்லை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கானாலும் கவர்னரானாலும் சலங்குப் படகில் ஏறித்தான் கரை சேரவேண்டும். சலங்குக்கு ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்கும், உடையாது. ஒருமுறை எங்களோடு வந்த வைத்திக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், அலைகளை எண்ணி, இடைவெளி பார்த்துப் படகைத் தள்ளும் கணக்கைக் கையை ஆட்டியே விளக்கினார். அன்றைக்கு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

சலங்கைப் புரிந்துகொண்டால்தான் ஆனந்தரங்கப் பிள்ளை புரிவார் என்பது என் எண்ணம். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்ஸின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் இறங்கினார்கள், மரியாதைக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று அதில் கடல் வந்துகொண்டே இருக்கும். அவர் அரசியலைத்தான் எழுதினார் என்பார்கள். எனக்கு அது கப்பலுக்காகக் காத்திருந்த ஒரு வியாபாரியின் எழுத்து. பெரிய மார்க்கெட் பக்கம் அவர் மாளிகை வாசலில் நின்று, 'இற்றைநாள்' என்று தொடங்கும் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிப்போம். அந்தத் தமிழ் முதலில் தடுக்கும், இரண்டாவது பத்தியில் பழகிவிடும்.

அப்புறம் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. 1908-இல் பிரிட்டிஷ் காவலுக்கு எட்டாத இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்து பத்து வருடம் இருந்தார் பாரதி. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இந்த ஊரில் பிறந்தவை. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? டூப்ளேக்ஸ்! ரங்கப்பிள்ளையின் எஜமானர் பெயர். அரவிந்தரையும் கப்பலிலிருந்து சிறு படகில்தான் கரைக்கு அழைத்து வந்தார்கள். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நடை கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்களும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முன்னால் இந்தக் கரையை விட்டு விலகிவிடப் பார்க்கும். 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிக்கிச் சிதறின. நாம் தை பிறந்ததும் தொடங்குவோம். செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டு வாருங்கள்.