ரேஷன் கடைப் படிக்கு ஒரு கைப்பிடி

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் வீடு. பக்கத்து ரேஷன் கடைக்கு மூன்று படி ஏற வேண்டும். கைரேகை வைக்கணுமே என்று என் மாமியார் தானே போய் வருவார். (வர முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்துக்கொள்ளப் படிவம் உண்டு, கடையில் யாரும் சொன்னதில்லை.) அரிசிப் பையோடு இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "வயசாயிருச்சில்ல" என்றார்கள். கூடவே, அதே படியில் இன்னார் விழுந்தார், இன்னார் விழுந்தார் என்றும் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் வயசு மட்டும்தானா காரணம்?

அத்தை வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு மனு வேலையில் இறங்கினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு 60 வயது தாண்டியவர்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கையெல்லாம் போட்டு எழுதியிருந்தேன். ரசீது கிடைத்தது. கொஞ்ச நாளில் பதிலும் வந்தது: கட்டடம் எங்களுடையது அல்ல.

சிக்கலே இதுதான். கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கம். கார்டையும் பொருளையும் கவனிப்பது வழங்கல் துறை. முன்னால் ஓடும் சாக்கடை மாநகராட்சியுடையது. அப்படியானால் படி யாருடையது? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "கட்டடம் யார் பெயரில் உள்ளது, பராமரிப்புச் செலவு எந்தக் கணக்கில்" என்று இரண்டே கேள்வி கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். தந்தார்கள். கட்டடம் மாநகராட்சியுடையது.

அடுத்த மனுவில் கதையைக் குறைத்து அளவை எழுதினேன். டேப் பிடித்தது என் மகன். ஒவ்வொரு படியும் 9 அங்குல உயரம், கால் வைக்கும் அகலம் முக்கால் அடிகூட இல்லை, கைப்பிடியே கிடையாது. மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல்படி உயரம் 150 மில்லிமீட்டர், அதாவது 6 அங்குலம் தாண்டக்கூடாது. அகலம் 300 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு அடி. இரு பக்கமும் கைப்பிடி. பழைய பொதுக் கட்டடங்களையும் சரிசெய்ய வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 45-வது பிரிவில் இருக்கிறது. அதையும் சேர்த்தேன். "அது மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமாச்சே" என்றார் மேசையில் இருந்தவர். வாக்கர் பிடித்து நிற்கும் அத்தையின் போட்டோவைக் காட்டினேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, சாய்தளம் போட்டுட்டா முடிஞ்சுது" என்றார். முடியாது. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 27 அங்குல உயரத்துக்கு 27 அடி. எங்கள் தெருவே அவ்வளவு அகலமில்லை. குறுக்கிச் செங்குத்தாகப் போட்டால் வழுக்கி விழ இன்னொரு இடம், அவ்வளவுதான். அவரும் மண்ணில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். கடைசியில் மூன்று படியை உடைத்து ஐந்தாக்குவது என்று முடிவானது. அதற்கு இடம் வேண்டி சாக்கடை மூடியையும் உறுதியாக மாற்ற வேண்டியிருந்தது. எஸ்டிமேட்டுக்கு அனுமதி வர மாதக்கணக்கில் ஆனது. அந்த இழுபறியைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை. வார்டு கவுன்சிலரிடம் தெருக்காரர்கள் கையெழுத்தோடு போனது உதவியது என்று மட்டும் சொல்வேன்.

இப்போது ஐந்து படி, இரு பக்கமும் கை முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற உருண்டைக் குழாய், ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் பட்டை. கண்ணில் புரை உள்ளவர்களுக்கு அந்தப் பட்டைதான் பெரிய உதவி. ஆனால் பொழுது சாய்ந்தால் பட்டையும் தெரிவதில்லை. வாசலில் ஒரு விளக்கு கேட்டிருக்கிறேன். கரண்ட் மீட்டர் சங்கத்தின் பெயரில் இருக்கிறதாம். அதற்குத் தனி மனு.