தெளிந்த ஓடையும் ஜூலை மாத மாதிரியும்

மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலைப் பக்கம் தண்ணீர் மாதிரி எடுத்தவர்கள், தெளிந்த ஓடையைக் கண்டால் முதலில் சந்தேகப்படுவார்கள். அடிமட்டம் வரை தெரியும். ஆனால் பாசி இருக்காது, தலைப்பிரட்டை இருக்காது, கல்லைப் புரட்டினால் ஒரு பூச்சிகூட ஓடாது. மீட்டரை முக்கினால் பிஎச் 3 என்று காட்டும்; நல்ல தண்ணீருக்கு 7 பக்கம் இருக்க வேண்டும், 3 என்றால் கடும் அமிலம்.

அந்தப் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் அதிகம். எலிவளை போலக் குடைந்து எடுக்கும் கரியோடு வெளியே வரும் கழிவுக் கல்லிலும் பைரைட் உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. பூமிக்குள் கிடக்கும்வரை சாது. வெளியே குவித்து, காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலமாக ஓடைக்கு இறங்கும். அமிலம் கடுமையாக இருக்கும்வரை இரும்பில் பெரும்பகுதி கரைந்தே போகும். நல்ல தண்ணீர் கலந்து அமிலம் தணியும் இடத்தில்தான் ஆரஞ்சு வண்டலாகப் படியும். அதாவது, பார்க்க அசிங்கமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் தேறியிருக்கிறது. போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு.

சுண்ணாம்புக்கல் பரப்பிய வாய்க்காலில் விட்டால் அமிலம் தணியும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படிப் போட்ட கல் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன். மேலே துருப்பிடித்த ஓடு. உள்ளே கல் நேற்று வெட்டியதுபோலச் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. இரும்பு போர்த்திக்கொண்ட பிறகு சுண்ணாம்புக்கு ஏது வேலை? அவ்வப்போது கிளறிவிட ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை.

2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கங்களைத் தடை செய்தது. பிறகும் திருட்டுத்தனமாக வெட்டினார்கள். 2018 டிசம்பரில் க்சான் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கியது அப்படித்தான். வெட்டுவது அடியோடு நின்றால்கூட, ஏற்கெனவே கொட்டிய குவியலில் பைரைட் தீரும்வரை அமிலம் வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். குளிர்காலத்தில் நீரோட்டம் குறைந்து, மாசு செறிந்து, அந்தப் பக்கத்து லுகா ஆறே நீலமாகிவிடும். நான் இருந்த ஆலோசனை நிறுவனமோ மாதிரி எடுக்க ஜூலையில்தான் அனுப்பும். அடைமழையில் எல்லாம் நீர்த்து, எண்கள் சமர்த்தாக வரும். பொய் ஒன்றும் இல்லை, மாதம் மட்டும் வசதியான மாதம். அதனால் மாதிரி எடுத்த தேதிக்குப் பக்கத்தில், முந்தைய வாரம் பெய்த மழையளவையும் எழுத ஆரம்பித்தேன். தேவையில்லாத விவரம் என்று மேலாளர் அடித்துவிட்டார். சரி என்று பின்னிணைப்பில் போட்டு அனுப்பினேன். அதை அவர் படிக்கவில்லை.