மலை சரிந்த வருடத்தில் சங்கீதங்கள்

30 நவம்பர் 2025
கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு, திருச்சபைக்கு இதுதான் புது வருடம். டித்வா புயல் இலங்கையை அடித்து இரண்டு நாள். பதுளை, நுவரெலியா, கண்டி, எந்தப் பக்கம் கேட்டாலும் மண்சரிவு. ஞாயிறு வாசிப்பு அட்டவணைப்படி இன்றைக்கு வேதாகமத்தின் 122ஆம் சங்கீதம், 'கர்த்தருடைய ஆலயத்துக்குப் போவோம் வாருங்கள்'. சபையில் பாதிப் பேருக்கு வரப் பாதையே இல்லை. எங்கள் ஆலயத்தில் ஒற்றை வசனங்களைப் போதகர் ஐயா வாசிப்பார், இரட்டை வசனங்கள் சபைக்கு. 'எங்கள் கால்கள் நிற்கலாயிற்று' என்பது எங்களுக்கு வந்தது. வந்து நின்றவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னோம்.

28 டிசம்பர்
148. சூரியனையும் மலைகளையும் துதிக்கக் கூப்பிடுகிற சங்கீதம், சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்தது. எட்டாம் வசனத்தில் 'அவர் சொற்படி செய்யும் பெருங்காற்றே' என்று வருகிறது, அதுவும் இரட்டை வசனம். புயலுக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு மண்ணுக்குள் போய் இன்னும் பாடசாலை மண்டபத்தில் படுக்கிற அக்கா ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டார், எனக்கும் வாய் வரவில்லை. இன்றைய நற்செய்தி ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றது. இரண்டையும் பொருத்தி யாரும் விளக்கம் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

1 மார்ச் 2026
ஈஸ்டருக்கு முந்தின தபசு காலமான லெந்தின் இரண்டாம் ஞாயிறு, 121. மலையகத்தில் கிறிஸ்தவ வீடென்றால் இது கதவுக்கு மேலேயோ கலண்டரிலேயோ இருக்கும், பயணத்துக்கும் இதுதான், அடக்கத்துக்கும் இதுதான். எருசலேமுக்கு ஏறிப் போன யாத்திரிகரின் 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. 'உன் காலைத் தள்ளாடவொட்டார்' என்று பாடியவனுக்குச் சறுக்குகிற மலைப்பாதை தெரிந்துதான் இருக்க வேண்டும். ஆங்கிலிக்கன் சபையின் பழைய பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பிரித்திருக்கிறது, அதில் 27ஆம் திகதி காலைக்கு 120 முதல் 125 வரை. அப்படியானால் அந்த நவம்பர் 27 காலையில் இதைச் சொல்லி ஜெபித்துவிட்டு அன்றிரவே மண்ணோடு போனவர்கள் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. அவர்களுடைய ஜெபத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. அதனால் நானும் சொன்னேன், நான்காம் வசனத்தைச் சத்தமாகவே, 'உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை'. ஆண்டவரிடம் அதைக் கேள்வியாகத்தான் வைத்தேன்.

22 மார்ச்
130, இயேசு மரணத்திலிருந்து எழுப்பிய லாசருவின் கதையோடு. விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர். மழை இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மலையைப் பார்த்தபடி முழித்திருந்த அம்மாமார் ஆலயம் நிறைய இருந்தார்கள்.

3 ஏப்ரல்
பெரிய வெள்ளி. பகலில் 22. மாலைக்குப் பழைய புத்தகம் 69ஐயும் 88ஐயும் குறிக்கிறது. இருட்டிய பிறகு 88ஐ வீட்டில் வாசித்தோம். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது துதிக்குத் திரும்பும், இது திரும்பாது, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஞாயிறு அட்டவணையில் இதற்கு இடமில்லை என்பது எனக்குக் குறையாகவே தெரிகிறது. துக்கக்காரருக்கும் சபையில் சொல்ல ஒரு சங்கீதம் வேண்டுமே.

12 ஏப்ரல்
போன ஞாயிறு ஈஸ்டர், 118ஐ மனம் நிறையப் பாடினோம். இன்றைக்கு 16, ஆறாம் வசனம் எங்களுக்கு: 'நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது'. 200 வருடமாக இந்த மலையில் உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் இதைச் சொல்கிறோம், லயத்தை இழந்த அந்த அக்காவும் சொன்னார். சரிவு அபாயம் இல்லாத இடத்தில், அவர் பெயருக்கு உறுதிப் பத்திரத்தோடு காணி கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இந்த வசனத்தை இனித் தினமும் ஜெபிக்கப்போகிறேன். அடுத்த ஞாயிறு 116.