டொமைன் புதுப்பிப்பு என்று வந்த கடிதமும் அதற்குப் பிறகு நாங்கள் செய்தவையும்

சாயல்குடியில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் கடைக்கணக்கை நான் பார்த்து வருகிறேன். வெளியூர் வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுப்பதற்காகக் கடையின் பெயரில் ஒரு டாட் காம் இணையதளம் உண்டு. டொமைன் எனப்படும் அந்த இணைய முகவரிப் பெயருக்கான காலம் முடியப்போகிறது என்றும், குறித்த தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் கடையை இணையத்தில் யாரும் காண முடியாது என்றும் எச்சரிக்கும் கடிதம் ஒன்று மின்னஞ்சலில் பிடிஎஃப் ஆக வந்தது. கடைப்பெயர், கிட்டங்கி முகவரி, இணையதளப் பெயர் மூன்றும் பிழையின்றி இருந்தன. வாடிக்கையாளர் எண், டாலரில் ஒரு தொகை, கடைசித் தேதி எல்லாம் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்தன. "கரண்டு பில் மாதிரிதானே இருக்கு, கட்டிவிட்டுருங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. பதநீர் சீசனில் ஆர்டர் நின்றுவிடக் கூடாது என்பது அவர் கவலை.

ஆனால் பக்கத்தின் அடியில், வெளிறிய சாம்பல் நிறப் பொடி எழுத்தில், இது பில் அன்று, சேவையைப் பெற விடுக்கப்படும் அழைப்பு மட்டுமே என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சேவையும் டொமைன் புதுப்பிப்பு அன்று. நம் பெயரைத் தேடுபொறிகளில் சேர்ப்பதாம். கூகுள் தேடலில் இடம்பெற யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இதே தோற்றத்தில் வரும் இன்னொரு வகைக் கடிதம் உண்மையாகவே புதுப்பித்துத் தரும், ஆனால் அதற்கு நாம் இசைந்தால் பெயரே இப்போதைய பதிவு நிறுவனத்திலிருந்து, அதாவது அதை நமக்குப் பதிவுசெய்து தந்த நிறுவனத்திலிருந்து, அவர்களிடம் மாறிவிடும், கட்டணமும் பல மடங்காகும். இது நேற்று முளைத்த தொழில் அன்று: 2003-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இத்தகைய கடிதங்களை அனுப்பிய நிறுவனம் ஒன்றின் மீது நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

கிட்டங்கி முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அண்ணாச்சி திரும்பத் திரும்பக் கேட்டார். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, டொமைன் வாங்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் ஹூயிஸ் என்ற இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. எங்கள் தளம் அதற்கு முன்பே தொடங்கப்பட்டது. அன்று நகலெடுத்து வைத்தவர்களிடம் அந்த விவரம் இன்றும் இருக்கும்.

உண்மை நிலையைப் பார்க்க, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் இலவசத் தேடல் பக்கத்தில் எங்கள் பெயரை உள்ளிட்டேன். பதிவு நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் அங்கே தெரிந்தன. கடிதம் அனுப்பியவர் பெயர் வேறு; காலம் முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. கடிதத்தைப் பொறுத்தவரை வேலை அத்துடன் முடிந்தது. ஆனால் அந்தப் பதிவு நிறுவனத்துக்கு நம் கடையிலிருந்து யார் பணம் கட்டுகிறார்கள் என்று தேடியபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. இராமநாதபுரத்தில் தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் பதிவில் கடை முகவரியைக் கொடுத்தாலும், தம் சொந்தக் கணக்கிலும் மின்னஞ்சலிலுமே பெயரை வாங்கி, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து எங்களிடம் வசூலித்து வந்திருக்கிறார். டாட் காம் போன்ற பொதுவான டொமைன்களுக்குக் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகேன் விதி. அந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே போயின. அசல் கடிதத்தை ஒருமுறையும் காணாத கடையில் போலிக் கடிதம் அசலாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அவரிடம் கோபமாகப் பேசாமல் கேட்டதால் காரியம் நடந்தது என்றே நினைக்கிறேன். அதே பதிவு நிறுவனத்தில் அண்ணாச்சி பெயரில் புதுக் கணக்குத் திறந்தோம். தளத்தை வடிவமைத்தவர் தம் கணக்கிலிருந்து பெயரை அதற்கு மாற்றினார். உரிமையாளர் விவரம் மாறும்போது பழையவர், புதியவர் இருவருமே மின்னஞ்சல் வழியாக ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழலாம். எங்களுக்கு அப்படி மாறும் எண்ணம் இல்லாததால் அது தடையாகவில்லை. நாமே திறக்கும்வரை பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாத மாற்றத் தடைப் பூட்டையும் இரண்டடுக்குக் கடவுச் சரிபார்ப்பையும் அன்றே போட்டுவிட்டோம்.

தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் விதித்துள்ள நிபந்தனைகளால், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அட்டையிலிருந்து பணம் போகாமல் நின்றுவிடுவதுண்டு. டாட் காம் பெயரை, மீதமுள்ள காலத்தையும் சேர்த்து மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டாதபடி ஒரே நேரத்தில் நீட்டித்துக்கொள்ளலாம். நாங்கள் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டி, ரசீதை மின்கட்டண ரசீதுகள் இருக்கும் கோப்பிலேயே வைத்தோம்.

பிறகு சீனாவிலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கடைப்பெயரைச் சீனாவுக்கான டாட் சிஎன் முகவரியில் யாரோ பதிவுசெய்யக் கேட்கிறார்களாம். மறுப்பு இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டுமாம். பதில் போட்டால் அந்தப் பெயரை நம் தலையிலேயே விற்பதுதான் இதன் நோக்கம். பதிவு நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் எழுதிய அட்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது; அண்ணாச்சி என்னைக் கூப்பிடாமல் தாமே ஒத்துப் பார்த்து, அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டார்.