படத்துக் கரடியும் தொடர்க் கரடியும்

குழந்தைகளோடு போய்ப் பார்க்கிற அனிமேஷன் படம் நன்றாக ஓடிவிட்டால், அதே பாத்திரங்களை வைத்து டிவி தொடர் எடுப்பார்கள். அப்படி ஒரு ஹாலிவுட் தொடரின் அனிமேஷன் வேலை பெங்களூரில் நான் இருந்த ஸ்டுடியோவுக்கு வந்தது. ஒப்பந்தப்படி பெயர் சொல்ல முடியாது. கரடிதான் நாயகன், அவ்வளவு போதும்.

படத்தின் மாடலும் (பாத்திரத்தின் முப்பரிமாண உருவம்) ரிக்கும் (அதை அசைக்க உள்ளே வைக்கும் எலும்பும் கன்ட்ரோல்களும்) கைக்கு வந்துவிடுமே, அசைப்பது மட்டும்தானே வேலை என்று பலர் கேட்பார்கள். வந்ததென்னவோ உண்மை. ஆனால் அந்தக் கரடி ஃபைலைத் திறந்தாலே மெஷின் திணறியது. படத்தில் ஒரு அனிமேட்டர் வாரத்துக்கு 3, 4 விநாடி முடித்தாலே நல்ல வேகம். தொடரில் 20 விநாடியாவது கேட்பார்கள். ஆகவே பார்வைக்கு அதே கரடியாக, உள்ளே எலும்பு முதல் புதிதாகக் கட்டினோம். ரோமத்தைப் பெரும்பாலும் டெக்ஸ்சரில், அதாவது உருவத்தின் மேல் ஒட்டும் படத்தில், வரைந்துவிட்டு, கன்னத்திலும் காதோரத்திலும் மட்டும் நிஜ ரோமம் விட்டோம். உருவத்தின் ஓரம் தெரிவது அங்கேதான்.

'மடகாஸ்கர்' (2005) படத்திலிருந்து 2009-இல் நிக்கலோடியனில் தொடர் வந்தபோது சிங்கத்தை விட்டுப் பெங்குயின்களைப் பிடித்தார்களே, அதன் அருமை எனக்கு இங்கேதான் உறைத்தது. ரோமம் இல்லை, விரல் இல்லை, கழுத்தும் இல்லை! பெங்குயின் தலைவன் ஸ்கிப்பருக்குப் படத்தில் பேசிய டாம் மெக்ராத்தே தொடரிலும் பேசினார். அவர் படத்தின் இயக்குநர்களில் ஒருவர். ஆனால் லெமூர்களின் ராஜா ஜூலியனுக்கு சாஷா பேரன் கோஹனுக்குப் பதில் டேனி ஜேக்கப்ஸ். எங்கள் கரடிக்கும் குரல் மாறியது. புதியவர் படபடவென்று பேசுவார், வாயசைவு முழுவதையும் திரும்பச் செய்தோம்.

பெரிய தலைவலி ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சி காட்சியாக வரைந்த கதை. ஒரு எபிசோடில் கரடி ஆற்றில் விழுந்து சொட்டச் சொட்ட எழுந்து வருகிறது. தண்ணீர், அதில் நனைந்த ரோமம், இரண்டுக்கும் பட்ஜெட் இல்லை. கேமராவைக் கரையிலேயே நிறுத்தினோம். 'தொப்' என்று ஒரு சத்தம். கரையில் நிற்கும் முயலின் முகம். திரைக்குள் ஒரு மீன் வந்து விழுகிறது. முயல் மீனைப் பார்க்கிறது, பிறகு நம்மைப் பார்க்கிறது. எழுதியதைவிட இதுதான் சிரிப்பு என்று இயக்குநரே ஒப்புக்கொண்டார்.

ரீடேக், அதாவது திருத்தச் சொல்லித் திரும்பி வரும் காட்சிகளின் கதை தனி. லாஸ் ஏஞ்சல்ஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி கூடும். மாலை அனுப்பினால் காலையில் குறிப்புகள் குவிந்திருக்கும். "கண் இன்னும் கொஞ்சம் உயிரோடு" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இதற்கு எந்தக் கன்ட்ரோலைத் திருகுவது? புருவத்தை ஏற்றுவேன், இமையை ஒரு ஃப்ரேம் தள்ளிப் போடுவேன். பாதி நேரம் அதிலேயே ஓகே ஆகிவிடும்.

இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. அதற்குப் பதில் ஒரு எபிசோடு முழுக்கக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். கயிறு தண்ணீரைவிட மோசம்.