அப்பா பெயரில் மூன்று பரிசு

கும்பகோணத்தில் அப்பா நடத்திய அச்சகத்தில் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று வரவு செலவு. மற்றது வராத கடன். இரண்டாவதை அவர் போன பிறகுதான் முழுதாகப் படித்தேன். கவிதைப் புத்தகம் போட்டுக்கொண்டவர்கள், லெட்டர்பேடு அடித்துக்கொண்ட நாகஸ்வரக்காரர்கள், பத்திரிகைக்குப் பிள்ளையார் வரைந்து கொடுத்துக் கூலியை அடுத்த வேலையில் கழித்துக்கொள்ளச் சொன்ன ஓவியர்கள் என்று மூன்றே வகை ஆட்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர்கூட அதில் இல்லை. அவர்களிடம் அப்பா முன்பணம் வாங்கிவிடுவார்.

2021ல் அச்சக இடத்தை விற்றோம். பங்கு பிரிக்கும்போது பத்து லட்சத்தைத் தனியே எடுத்து வைத்து, நோட்டில் இருந்த மூன்று வகைக்கும் வருஷா வருஷம் ஆளுக்கொரு பரிசு கொடுப்பது என்று முடிவாயிற்று. யோசனை சிங்கப்பூரில் இருக்கும் தம்பியுடையது. அக்கா டொராண்டோவில். ஊரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு இருப்பது நான்தான். ஆகவே அலைச்சல் என்னுடையது.

முதல் பரிசை 2024 தை மாதம்தான் கொடுக்க முடிந்தது. ரொம்ப தாமதம் என்று அம்மா குறைபட்டாள். ஆல்ஃபிரட் நோபல் 1896 டிசம்பரில் இறந்தார், முதல் பரிசு 1901ல்தான் கொடுத்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பரிசுக்கென்று உயிலில் சொத்தை எழுதினாரே தவிர, அதை வாங்கி நிர்வகிக்க ஓர் அமைப்பை அவர் ஏற்படுத்தவில்லை. சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "அவருக்கு அவ்வளவு சொத்து, நமக்கு என்ன?" என்றாள் அம்மா.

நியாயமான கேள்விதான். நம்ம பணம், நாமே நாலு பேரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டால் என்ன என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கொடுக்கலாம். ஆனால் டெபாசிட் யார் பெயரில்? என் பெயரில் போட்டால் வட்டி என் வருமானம், வரியும் என் தலையில். நான் போன பிறகு அது என் பிள்ளைகளின் சொத்து. அவர்களுக்கு நாகஸ்வரம் பிடிக்குமா என்பது சந்தேகம். சரி, அறக்கட்டளை என்று ஒன்றைப் பதிவு செய்துவிடுவோம் என்று ஆடிட்டரிடம் போனோம்.

அவர் முதலில் கேட்டது பத்திரத்தின் வரைவை. பரிசு கொடுப்பது எந்தத் தர்ம வகையில் வரும் என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. வருமான வரிச் சட்டத்தில் தர்ம காரியம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவம், சுற்றுச்சூழல், கலை மதிப்பும் வரலாற்று மதிப்பும் உள்ள இடங்களையும் பொருட்களையும் காப்பது. கடைசியில், பொதுமக்களுக்குப் பயன்படும் வேறெந்த நோக்கமும். எங்கள் பரிசு அந்தக் கடைசியில்தான் வரும் என்றார். யோகாவுக்குத் தனி இருக்கை, கவிதைக்கு நிற்க இடம். (எண்களும் விதிகளும் நான் சொல்வதெல்லாம் 1961ஆம் வருஷச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

வரைவை வீட்டில் படித்துக் காட்டிய அன்றுதான் உண்மையான பஞ்சாயத்து. "இந்த அறக்கட்டளை ரத்து செய்ய இயலாதது. கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறோர் அறக்கட்டளைக்குச் சேரும்" என்று ஒரு வரி.

அம்மா கையை நீட்டி நிறுத்தினாள். "அப்போ நமக்குத் திரும்பி வராதா?"

"வராதும்மா."

"ஆத்திர அவசரத்துக்குக்கூட?"

வராது. இந்த வாக்கியம் இல்லாமல் வரிவிலக்குப் பதிவுக்குப் போனால் சிக்கல். அம்மா இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காபி கொடுக்கும்போது, "கொடுத்தது கொடுத்ததுதான், எழுதிக்கோ" என்றாள்.

அடுத்தவர் பெரியப்பா. "நம்ம சமூகத்துப் பிள்ளைங்களுக்கு முன்னுரிமைன்னு ஒரு வார்த்தை போட்டுடும்மா" என்றார். எனக்கு அதை மறுத்துச் சொல்லத் தைரியம் வந்திருக்குமா தெரியாது. ஆடிட்டர் சொன்னார்: குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு 13ஆம் பிரிவில் விலக்கு கிடையாது, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று. பழியை ஆடிட்டர் மேல் போட்டுத் தப்பித்தேன். வருமான வரிச் சட்டத்தை நான் மனதார வாழ்த்திய ஒரே தருணம் அது.

நானே செய்த தப்பு ஒன்று உண்டு. "ஒவ்வோர் ஆண்டும் மூன்று பரிசுகளும் வழங்கப்பட வேண்டும்" என்று கம்பீரமாக எழுதிவிட்டேன். "வழங்கலாம்" என்று போட்டிருக்க வேண்டும். முதல் வருஷமே ஓவியத்துக்கு வந்த நடுவர் இந்த முறை யாரும் தேறவில்லை என்றார். கொடுக்காமல் விட்டால் பத்திரத்தை மீறியதாகிவிடும். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சுற்றுப் பார்க்கச் சொன்னோம். சுவரில் எழுத்து எழுதிப் பிழைத்து, ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலையில்லாமல் போன பெரியவர் ஒருவரை அவர் தேர்ந்தெடுத்தார். அது நல்லதாகவே முடிந்தது என்றாலும், ஒரு வினைமுற்றுக்கு எவ்வளவு வேலை பாருங்கள்.

பத்திரப் பதிவு நான் பயந்த அளவுக்கு இல்லை. அறங்காவலர்கள் மூன்று பேர்: அம்மா, நான், அப்பாவிடம் முப்பது வருஷம் மெய்ப்புப் பார்த்த மாமா. சாட்சி இரண்டு பேர், ஆதார், போட்டோ, கைரேகை. நிலம், வீடு எதுவும் இல்லாத, பணம் மட்டும் உள்ள அறக்கட்டளை என்பதால் பதிவு அலுவலகத்தின் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். சொத்து இருந்தால் முதல் புத்தகம். பத்திர எழுத்தர் அப்பா பெயரில் ஒரு இன்ஷியலை விட்டுவிட்டார். அதை யார் கண்டுபிடித்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் மேஜையில் மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா, நிறுத்து" என்றார். அன்று அது தப்பியிருந்தால் திருத்தல் பத்திரம் போட இன்னொரு நாள் போயிருக்கும்.

பிறகு அறக்கட்டளை பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வரிவிலக்குப் பதிவுக்காக வருமான வரித்துறைக்கு ஆன்லைனில் படிவம் 10ஏ. ஒரு மாதத்தில் தற்காலிகப் பதிவு வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு. வேலையை உண்மையில் தொடங்கிய பிறகு 10ஏபி என்ற இன்னொரு படிவம் போட்டு அதை நிரந்தரமாக்கிக்கொள்ள வேண்டும். நிரந்தரம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், அதுவும் அப்போது ஐந்து வருஷம்தான்.

அக்காவின் பணம்தான் நெஞ்சில் தைத்தது. தம்பி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறான். தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அக்கா கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவள். அவள் அனுப்பும் ஒரு ரூபாயும் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அதற்குப் பொதுவாக அமைப்பு தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் பதினைந்து லட்சமாவது நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். கிடைத்தாலும், பணம் வந்து இறங்கும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். எங்கள் மொத்த மூலநிதியே பத்து லட்சம்! "அப்பா காசு மட்டும் எனக்கு வரலாம், நான் அப்பாவுக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று போனில் அழுதாள். சட்டம் அப்படி என்று சொன்னால் யாருக்கு ஆறுதல்? கடைசியில் இடம் விற்ற பணத்தில் அவள் பங்கிலிருந்து எடுத்ததுதான் அதிகம் என்று அம்மா ஒரு பொய் சொன்னாள்.

பத்து லட்சத்தையும் டெபாசிட்டில் போட்டோம். ஆறரை சதவீதம், வருஷத்துக்கு 65,000. வரவில் 85 சதவீதத்தை அந்த வருஷமே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. அதாவது 55,250. ஆளுக்கு 15,000 வீதம் மூன்று பரிசுக்கு 45,000 போக, மண்டபம், தபால், சால்வை, டிபன் எல்லாம் சேர்த்து 10,250ஆவது ஆக வேண்டும். அப்பா கணக்கு எழுதும்போது காசைச் செலவழிக்கக் கூடாது என்று கவலைப்படுவார். நான் செலவழித்துத் தீர்க்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். இதற்கிடையே வங்கி வட்டியில் பத்து சதவீதத்தை டிடிஎஸ் என்று வரியாகப் பிடித்துவிட, அந்த 6,500ஐ ஐடிஆர் 7 என்ற வரிக் கணக்குப் படிவம் தாக்கல் செய்து திரும்ப வாங்கினோம்.

இலக்கியப் பரிசுக்கு முதல் புத்தகம் போட்டவர்கள் மட்டும், மூன்று பிரதி அனுப்பவும் என்று அறிவித்தோம். கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில்கூடக் கவிதைத் தொகுப்புகள். அதில் மெய்ப்பு மாமாவின் தங்கை மகன் எழுதியதும் ஒன்று. நன்றாகவே இருந்தது, அதுதான் பிரச்சினை. அறங்காவலரின் உடன்பிறந்தார் பிள்ளைகள்கூடச் சட்டத்தின் பார்வையில் உறவினர்கள். அவர்களுக்குப் பயன் போனால் அந்தப் பணத்துக்கு விலக்கு போய்விடும். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே அந்தப் புத்தகத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "மூணு எழுத்துப்பிழை இருக்கு" என்றார்.

இசைப் பரிசைப் பற்றித்தான் நீளமாகப் பேசினோம். நாகஸ்வரம் வாசிப்பவருக்குக் கொடுப்பது என்பது எல்லாரும் செய்வது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்பவர்களுக்கு 2022ல் புவிசார் குறியீடு வந்து கொஞ்சம் பேச்சாவது ஆயிற்று. அதன் வாயில் பொருத்தும் சீவாளியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? காவிரி, கொள்ளிடக் கரை நாணலை அறுத்துப் பதப்படுத்தி, நறுக்கி, நூல் கட்டி, உதட்டுக்கு ஏற்றபடி சீவித் தருவது திருவாவடுதுறைப் பக்கம் சில குடும்பங்களின் தொழில். சீவாளி சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட வித்வானும் ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்பாவின் நோட்டில் சீவாளிக்காரர் ஒருவர் பெயர் இருந்தது, சிட்டை புத்தகம் அடித்த பாக்கி 140 ரூபாய். அவர் இல்லை. அதே தொழிலில் இருக்கும் அவர் மகனுக்கு முதல் பரிசு.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ரூபாய் நோட்டாக வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவாகக் கணக்கில் சேராது. ஆகவே மூன்று பேருக்கும் காசோலை. தட்டில் அது மட்டும் தனியாக, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு எலுமிச்சம்பழத்தோடு இருந்தது.

விழா முடிந்ததும் மாசியில் 10ஏபி போட்டோம். ஜூனில் சென்னை வருமான வரி அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தன. பரிசு பெற்றவர்களை யார் எப்படித் தேர்ந்தெடுத்தார், அறங்காவலர்களுக்கு உறவா, விழாப் படங்கள், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம். எல்லாம் சரியாக வைத்திருந்தேன் என்ற மிதப்பில் வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தால், இரண்டு காசோலைதான் பணமாகியிருக்கிறது. சீவாளிக்காரருடையது வரவே இல்லை. மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இனி செல்லாது வேறு. ஆடிட்டர், "கொடுத்ததற்கு என்ன ஆதாரம்?" என்கிறார்.

பஸ் பிடித்துப் போனேன். வாசலில் நாணல் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே சுவரில் அவர் அப்பா படத்துக்குப் பக்கத்தில் எங்கள் காசோலை, பளபளவென்று லேமினேட் செய்து ஆணியில் தொங்கியது.

"ஐயா, இதை பாங்க்ல போடலையா?"

"போட்டா அவங்க வச்சுக்குவாங்களேம்மா" என்றார்.

அவருடைய பாஸ்புக்கைப் படம் எடுத்துக்கொண்டேன், அன்று மாலையே கணக்கில் பணம் அனுப்பினோம், அந்த நகலையும் சேர்த்துப் பதில் போட்டோம். ஆகஸ்டில் ஐந்து வருஷத்துக்கான பதிவு வந்தது. சுவரில் இருந்ததைக் கழற்றித் தரட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கிளம்பும்போது, இதை எங்கே லேமினேட் போட்டீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"உங்க கடையிலதாம்மா. நீங்க அன்னிக்கு இல்ல. பையன் இருபது ரூபா வாங்கினான்."