நகராட்சி அட்டையிலிருந்து வங்கிக் கடன் வரை: சாலையோர வியாபாரிகளுக்கு

ஊரின் வியாபாரத்தை வளர்க்க நகராட்சிகள் வணிக வளாகம் கட்டுகின்றன, சந்தையைப் புதுப்பிக்கின்றன. தள்ளுவண்டிக்காரருக்கு அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு: ‘இவர் இந்த இடத்தில் வியாபாரம் செய்கிறவர்’ என்று எழுதித் தருவது. அந்த அட்டை இருந்தால், சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பிஎம் ஸ்வநிதியின் கடனுக்கு வழி உண்டு. இல்லாவிட்டால் தண்டல்தான். கையில் 9,000 ரூபாய் வாங்கி, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டும் கணக்கு அது. பலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நகராட்சிக்கும் வங்கிக்கும் கூடப் போய்த் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

எல்லாமே நகராட்சியின் வியாபாரிகள் கணக்கெடுப்பில்தான் தொடங்குகிறது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை நடத்த வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை ஏற்கெனவே அங்கே விற்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. கணக்கெடுக்க வருகிறவர் வண்டியோடு நிற்க வைத்துப் படம் எடுப்பார். பெயர், ஆதார், விற்கும் பொருள், இடம் எல்லாம் கேட்பார். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. அவர்கள் வருவது அலுவலக நேரத்தில். காலை ஆறு மணிக்கு இட்லி விற்பவர் அதற்குள் வண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். சுண்டல், பூ, இரவுக் கடை போடுகிறவர்கள் அப்போது வந்தே இருக்க மாட்டார்கள். விடுபடுகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். கணக்கெடுப்பு அறிவிப்பு வந்ததுமே, காலை நேரத்துக்கும் மாலை ஆறுக்குப் பிறகும் ஆள் அனுப்பும்படி ஆணையருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

பெயர் விடுபட்டாலும் கதவு மூடிவிடாது. நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அதற்கு வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, பழைய கடன் ஆவணம் இவற்றில் ஒன்று போதும். எதுவும் இல்லையென்றால், நேரில் வந்து விசாரிக்கும்படி வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். விசாரணைக்கு வருகிறவரிடம் காட்ட மிகவும் உதவுவது தினசரிக் கட்டண ரசீது. மெல்லிய தாள், வியர்வை பட்டால் ஒரு வாரத்தில் எழுத்து மறைந்துவிடும். வாங்கியதும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை கைக்கு வந்ததும் முதலில் எழுத்துப் பிழை பாருங்கள். ஆதாரில் ‘கே. முருகன்’, அட்டையில் ‘முருகன் கே’, வங்கிப் புத்தகத்தில் ‘முருகேசன்’ என்று இருந்தால் வங்கியில் அப்படியே நின்றுவிடும். நிலையான கடையா, நடமாடும் வண்டியா என்ற பிரிவும் சரியாக இருக்க வேண்டும். தெருத்தெருவாகப் போகிற வண்டிக்கு ஒரே இடத்தை எழுதிவிட்டால், அடுத்த தெருவில் நிற்கும்போது கேள்வி வரும். அட்டையை வாடகைக்கு விடவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ கூடாது. வியாபாரி இறந்துபோனாலோ நிரந்தர ஊனமுற்றாலோ, துணைவருக்கோ அவரை நம்பியிருக்கும் பிள்ளைக்கோ அது செல்லும்.

பிறகுதான் கடன். 2020 ஜூனில் தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் திட்டத்தை மாற்றியமைத்து, முதல் கடனை 15,000, இரண்டாவதை 25,000 ஆக உயர்த்தினார்கள்; மூன்றாவது 50,000தான். 2030 மார்ச் 31 வரை கடன் வழங்கப்படும். அடமானமோ ஜாமீனோ கேட்கக் கூடாது. ‘வைப்புத்தொகை போட்டால்தான் தருவோம்’ என்று கிளையில் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

விண்ணப்பம் அதிகம் சிக்குவது ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணில். எண் பழையதாகவோ, வேலைக்கு வெளியூர் போன மகனுடையதாகவோ இருக்கும்; ஓடிபி அங்கே போய்விடும். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, கிளைத் தேர்வு. சேமிப்புக் கணக்கு இருக்கும் கிளையையே குறிப்பிடுங்கள். சொந்த ஊரில் தொடங்கிய கணக்கு என்றால் விண்ணப்பமும் அந்த ஊருக்குப் போய்க் கிடக்கும். நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்கை முன்கூட்டியே உயிர்ப்பிக்க வேண்டும். மகளிர் குழுவிலோ நகைக்கடனிலோ பாக்கி இருந்தால், மேலாளர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் கடன் வரலாற்றில் எப்படியும் தெரிந்துவிடும்.

15,000 ரூபாயை 12 தவணையாகப் பிரித்தால் அசல் மட்டும் மாதம் 1,250. வட்டி தனி. 7 சதவீத வட்டி மானியம் உண்டு, ஆனால் வங்கி முழு வட்டியையும் முதலில் எடுத்துக்கொள்ளும். மானியம் பிறகுதான் கணக்கில் சேரும். ‘மானியம் வரவில்லை’ என்று பதறித் தவணையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் மானியமும் போகும், அடுத்த கடனும் போகும். தண்டலுக்கு எடுத்து வைப்பதுபோல நாளுக்கு 50 ரூபாய் தனி டப்பாவில் போட்டு வந்தாலே தவணை சேர்ந்துவிடும். மழைக்காலத்துக்கு இரண்டு தவணை முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சி இடம் மாற்றும்போதுதான் பெரிய அடி விழுகிறது. பேருந்து நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, கூரை போட்டு, எண் எழுதி விற்பனை மண்டலம் அமைப்பார்கள். வாடிக்கையாளர் அவ்வளவு தூரம் நடந்து வர மாட்டார். மேற்கு பார்த்த வரிசையில் மூன்று மணி வெயில் நேராக விழுந்தால் கீரை சுருண்டுவிடும். ஒரு மாதத்தில் எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். இதைத் தடுக்கவேண்டிய இடம் நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வரைபடம் மேசைக்கு வரும் கூட்டத்திலேயே வெயில் திசை, தண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கழிப்பறை, வண்டி திரும்ப இடம் என்று கேட்டுத் தீர்மானத்தில் ஏற்ற வேண்டும். கணக்கெடுப்பில் இயல்பான சந்தை, அதாவது விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடுகிற இடம், என்று பதிவானதை விற்பனைக்குத் தடைசெய்த பகுதியாக அறிவிக்கக் கூடாது என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் சந்தையென்றால் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்கிருப்பவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும்.

அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு தேவை. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். காய், பழம் போல அழுகும் பொருளை உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளில். பட்டியல் இல்லாமல் வண்டியை ஏற்றினால், ஏற்றும் முன்பே சரக்கைப் படம் எடுத்து வைத்து, அன்றே எழுத்தில் கேளுங்கள்.

முதல் கடன் முடிந்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றை வங்கியில் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் கிடையாது. ஆனால் கடன் முடிந்த தகவலைத் திட்டத்தின் இணையதளத்தில் கிளை ஏற்றாவிட்டால் இரண்டாவது கடனுக்கான விண்ணப்பம் திறக்காது. சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அங்கேயே ஏற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.